கட்டடம் பிழைத்தது, குடிகள் போனார்கள்



நகரக் கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். தஞ்சாவூரிலிருந்தோ மகாபலிபுரத்திலிருந்தோ தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் உங்களை மலேசியாவின் பினாங்குக்கு அழைத்துப்போகிறேன். அங்குள்ள தலைநகரின் பெயரும் ஜார்ஜ் டவுன்தான். சென்னை ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜின் பெயரில் வந்தது; அது மூன்றாம் ஜார்ஜின் பெயரில். 1786இல் பிரான்சிஸ் லைட் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய கையோடு சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சூலியா தெரு அவர்களால் வந்த பெயர். அந்தத் தெருவிலேயே நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. பக்கத்தில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோவில். தைப்பூசத்துக்கு நகரத்தார் வெள்ளித்தேர் புறப்படுவது பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்துதான்.

இந்த ஊரின் பழைய கட்டடங்களுக்காக 1986இல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு பினாங்கு ஹெரிட்டேஜ் டிரஸ்ட். அரசு அதிகாரம் எதுவும் அதற்குக் கிடையாது. கட்டடங்களைப் பட்டியலிடுவது, மக்களைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டுவது, மனு எழுதுவது, பத்திரிகைக்குப் போவது, பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடிப்பது: இவ்வளவுதான் கையிலிருந்த ஆயுதங்கள். அவற்றின் பலம் எவ்வளவு என்பது 1993 கிறிஸ்துமஸ் அன்று தெரிந்தது. ஊரார் எல்லோரும் விடுமுறையில் இருந்த அந்த நாளில் மெட்ரோபோல் ஹோட்டல் என்ற பழைய மாளிகையை இடித்துத் தள்ளினார்கள். நம் ஊரிலும் சனிக்கிழமை ராத்திரியில் இடிப்பவர்கள் உண்டு. காலண்டர்தான் வேறு.

மாளிகைகளை விடுங்கள். ஜார்ஜ் டவுனின் உயிர் கடைவீடுகளில் இருக்கிறது. முகப்பு குறுகல், உள்ளே நீளம். கீழே கடை, மேலே குடும்பம். நடுவில் வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் மழைத்தண்ணீரும் அதன் வழியாகத்தான் வரும். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். முன்னால் தூண்களுக்கு உள்ளே கூரை போட்ட நடைபாதை. அங்குள்ள தமிழர் அதை அஞ்சடி என்பார்கள். தூணை ஒட்டி ஓர் ஒட்டுக்கடை போட்டால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். சொந்த நிலத்தில் ஊருக்கு நடைபாதை விட்டுக் கட்டிய வீடுகள் அவை.

சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கடலோர மண்ணிலிருந்து உப்பு கலந்த ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று ஒருவர் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு படிகமாகிச் செங்கல்லையே பொடியாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம்புது வீடு. உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். பழைய வீடுகளைப் பாழாக்கியதில் இடிக்கிறவருக்கு அடுத்த இடம் இப்படி அக்கறையாகச் சிமெண்ட் பூசியவருக்குத்தான்.

சரி, இத்தனை ஆயிரம் கடைவீடுகள் எப்படித் தப்பின? நம்மைப் போன்ற ஆர்வலர்கள் காப்பாற்றினார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். காப்பாற்றியது 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31க்கு முன்பு கட்டிய வீட்டின் வாடகையை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது, குடியிருப்பவரை நினைத்தபோது கிளப்பவும் முடியாது. சொந்தக்காரருக்கு இடித்துக் கட்டவும் எளிதான வழியில்லை, பழுதுபார்க்கவும் மனமில்லை. கூரை ஒழுகும், ஆனால் வீடு நிற்கும். அதற்குள் பூ விற்பவரும் தையல்காரரும் பாய்க்கடைக்காரரும் பரம்பரையாக இருந்தார்கள்.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவானது. 2000 ஜனவரி 1 முதல் பாதுகாப்பு போயிற்று. வாடகை பல மடங்கு ஏறியது; மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்கள் சாமான்களைக் கட்டின. உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்திலுள்ள நூறு இடங்களின் 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் ஜார்ஜ் டவுனைச் சேர்த்தது. காலியான வீடுகளில் சிலவற்றுக்கு உழவாரன் குருவிகள் வந்தன. அவற்றின் கூடு சீனர்களின் விலையுயர்ந்த சூப்புக்கு. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஒலிப்பெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, உள்ளே ஈரத்தைக் கூட்டினார்கள். சுவரும் மரமும் ஊறின. மனிதரைவிடக் குருவி நல்ல வாடகைதாரர் என்று ஆகிவிட்டது.

2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கிடைத்தது. பல இன மக்கள் சேர்ந்து வாழும் துறைமுக வணிக நகரம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது. டிரஸ்டின் பல ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. உயரக் கட்டுப்பாடு வந்தது, குருவிகளை வெளியேற்றினார்கள், சுண்ணாம்புக் கொத்தர்களுக்கு மறுபடி வேலை கிடைத்தது. கூடவே பணமும் வந்தது. கடைவீடுகள் சொகுசு விடுதிகளும் காபிக் கடைகளுமாயின. முகப்பைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. மாடியில்தான் துணி காயவில்லை.

குடிகள் போவதை டிரஸ்ட் கவனிக்காமல் இல்லை. கைவினைஞர்களை வாழும் மரபுச் செல்வங்கள் என்று அறிவித்து உதவித்தொகை கொடுத்தது. இளைஞர்களை அவர்களிடம் தொழில் பழக அனுப்பியது. கட்டடத்தில் தொடங்கியவர்கள் மனிதரிடம் வந்து சேர்ந்தார்கள். ஆனால் தன்னார்வ அமைப்பால் ஒருவருக்குப் பட்டம் கொடுக்க முடியும், அவருடைய வாடகையை நிர்ணயிக்க முடியாது. அதைச் செய்யக்கூடியவர்கள் இருவர்தான்: அரசும் சொந்தக்காரரும்.

சொந்தக்காரர் என்றதும் அறக்கட்டளைகள் நினைவுக்கு வருகின்றன. 1801இல் ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதைச் சுற்றித் தமிழ் முஸ்லிம்களின் குடியிருப்பே வளர்ந்தது. 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த முஸ்லிம், இந்து அறநிலைய வாரியம் அந்தச் சொத்தை நிர்வகிக்க வந்தது. பள்ளிவாசலைச் சுற்றி இடம் திறந்தது, வாடகை வருமானம் சீரானது, பள்ளிவாசலும் பெரிதானது. குடியிருப்பில் பெரும்பகுதி போயிற்று. வரலாற்றாசிரியர் கூ சல்மா நசூத்தியோன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவரே பினாங்கு ஹெரிட்டேஜ் டிரஸ்டின் தலைவராக இருந்தவர். கணக்கைச் சரியாக வைத்த நிர்வாகம்தான் குடிகளைக் கலைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த அவையில் கோவில், தர்கா, சத்திரம், கல்வி அறக்கட்டளை என்று ஏதாவதொன்றின் அறங்காவலர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் பொறுப்பில் பழைய வீதிகளில் வரிசை வீடுகள் இருக்கும். வாடகைப் பாக்கி, வழக்கு, ஒழுகும் கூரை எல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் அந்த வீடுகளைப் பற்றி முடிவெடுக்கும் முன், அங்கே தொழில் செய்து குடியிருப்பவர்களின் பட்டியலையும் மேஜையில் வையுங்கள். பழுதுபார்க்கும் செலவை ஏற்க முன்வருபவருக்கு நியாயமான வாடகையில் நீண்ட காலக் குத்தகை எழுதிக்கொடுங்கள்.