துருவும் சூடும்



தமிழர் எந்த மாநிலத்தில் குடியேறினாலும் அவர்தம் சமையலறையில் எவர்சில்வர்ப் பாத்திரங்கள் இடம்பெறாமல் இரா. அவை என்றும் துருப்பிடிக்கமாட்டா என்பது நம் நம்பிக்கை. 'துருப்பிடிக்காத எஃகு' என்று நாம் வழங்கும் பெயரும் அந்நம்பிக்கையையே வளர்க்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான், அப்பெயர் சற்று மிகையானது என்று ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரும்பு, நீரோடும் பிராணவாயுவோடும் கூடி மாறுவதே துரு. எஃகில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால், அதன்மேல் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஆடையொன்று படர்கிறது. கீறல் விழுந்தாலும், காற்றுப் பட்டதும் அந்த ஆடை தானே மீண்டும் உண்டாகிவிடும். எஃகைக் காப்பது அதுவே. ஆலைகளில் பெரிதும் வழங்கும் வகையில் ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ளன.

ஆயினும் அந்த ஆடைக்கும் பகைவன் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அதை ஆங்காங்கே துளைத்து, ஊசிமுனை போன்ற குழிகளைத் தோற்றுவிக்கும். ஆதலால் உப்புக்காற்று வீசும் இடங்களுக்கு, 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்த்த எஃகைத் தேர்ந்தெடுப்பர். சூடான கடல்நீர் ஓடும் குழாய்களுக்கு அதுவும் போதாது. அங்கே டைட்டானியம் பயன்படுகிறது.

தேர்வு பிழைத்தால் நேர்வது என்ன? ஸ்விட்சர்லாந்தில் ஊஸ்டர் என்னும் நகரில் ஒரு நீச்சல் குளம். அதன் கான்கிரீட் உட்கூரையைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் தாங்கியிருந்தன. நீரைத் தூய்மைப்படுத்தச் சேர்த்த குளோரினிலிருந்து எழுந்த ஆவி, எவரும் கழுவித் துடைக்காத அக்கம்பிகளின்மேல் ஆண்டுக்கணக்கில் படிந்தது. பாரத்தால் இழுபட்டிருந்த கம்பிகளில் விரிசல்கள் ஓடின. 1985 மே 9 அன்று கூரை இடிந்து விழுந்து 12 பேர் மாண்டனர். எஃகு நல்ல எஃகுதான். அது நின்ற இடமே அதற்கு ஒவ்வாத இடம்.

சூட்டின் செய்தியும் இத்தகையதே. சாதாரண எஃகு ஏறத்தாழ 550 சென்டிகிரேடு பாகையைத் தாண்டினால் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். 25 பங்கு குரோமியமும் 20 பங்கு நிக்கலும் கொண்ட எஃகு, காற்றில் 1,100 பாகை வரையிலும் உதிராமல் நிற்கும். ஆனால் உதிராமல் நிற்பது வேறு, பாரம் தாங்குவது வேறு. கடுஞ்சூட்டில் பாரம் சுமக்கும் உலோகம் நாளடைவில் மெல்ல நீண்டு முறியும். உலைப்புகையில் கந்தகம் மிகுந்திருந்தாலோ, சூட்டுக்குத் துணைநின்ற நிக்கலே அரிப்புக்கு இடமாகிவிடும்.

வெளிமாநில ஆலைகளில் பணியாற்றும் நேயர்கள் பலர் இவ்வுரையைக் கேட்டிருக்கலாம். உலோகம் வாங்கும் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, பெயரையும் விலையையும் மட்டும் பார்த்துக் கையொப்பமிடாதீர்கள். அதைத் தொடும் பொருள் யாது, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு, பொருத்தியபின் எட்டிச் சோதிக்க வழியுண்டா என்று கேளுங்கள். அக்கம்பிகளின் கீழும் யாரேனும் நிற்கக்கூடும்.