கடிவாளம் இல்லாக் குதிரையேற்றம்

தன்னை அடக்கமாட்டாத ஒருவனைப் பற்றிப் பேசுமிடத்து, "கடிவாளமில்லாத குதிரைபோல ஓடுகிறான்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். மனத்தைக் குதிரையாகவும் அறிவைக் கடிவாளமாகவும் உருவகஞ் செய்வதும் நமக்குப் பழக்கமானதே. இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்க்குக் கடிவாளம் கழன்ற குதிரை என்றவுடன் விபத்தே நினைவுக்கு வரும். ஆயினும், கடிவாளமும் வாரும் இன்றிக் குதிரையேறி, வேண்டிய பக்கம் திருப்பி, வேண்டிய இடத்தில் நிறுத்தியவர்கள் பண்டும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அதனை அவர்கள் எவ்வாறு கற்கின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நெடுந்தீவின் வெட்டவெளியிற் கட்டாக்காலியாய் மேயும் குதிரைகளும் கடிவாளம் இன்றித் திரிவனவே. ஆனால் அவற்றின் முதுகில் ஆள் இல்லை. ஆளில்லாக் குதிரைக்குக் கடிவாளம் வேண்டாம் என்பதில் வியப்பொன்றுமில்லை. முதுகில் ஒருவன் அமர்ந்திருக்கும்போது, அவனுடைய கருத்தைக் குதிரை எவ்வழியால் அறிகின்றது? அதுவே நாம் ஆராயவேண்டிய வினா.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். வட ஆபிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டின் வடபகுதியில், நுமிடியர் என்னும் மக்கள் வாழ்ந்தனர். கி.மு. 218 முதல் 201 வரை உரோமருக்கும் கார்த்தேச் நகரத்தாருக்கும் நடந்த பெரும்போரில், ஹனிபாலின் குதிரைப்படையில் இவர்கள் சிறந்து விளங்கினர். இவர்களுடைய குதிரைக்குச் சேணம் இல்லை, கடிவாளமும் இல்லை. குதிரையின் கழுத்தில் ஒரு வளையம். வீரன் கையில் ஒரு சிறு கோல். அவ்வளவே. விரைந்து நெருங்கி, ஈட்டியை எறிந்து, பகைவன் தன்னைச் சுதாரிக்குமுன் விலகிப்போவது அவர்களது போர்முறை. கி.மு. 216இல் கன்னே என்னுமிடத்தில் உரோமர் அடைந்த பெருந்தோல்வியில் இவர்களுக்கும் பங்குண்டு. கி.மு. 202இல், சாமாப் போர்க்களத்தில், மசினிசா என்னும் நுமிடிய மன்னன் உரோமர் பக்கம் நின்றான். வெற்றியும் அப்பக்கமே நின்றது.

இக்குதிரைகளுட் சில, பிடித்து நடத்துவார் இன்றியே நாயைப்போலத் தலைவனைப் பின்தொடரும் என்று கிரேக்கப் புவியியலறிஞர் ஸ்திராபோ எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 113இல் உரோமாபுரியில் எழுப்பப்பெற்ற திராயன் தூணிலும், வட ஆபிரிக்கக் குதிரைவீரர் கடிவாளமின்றி விரைந்து செல்லும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. எனவே இது வெறும் வேடிக்கைக் கலையன்று. உயிரைப் பணயம் வைத்த போர்க்களத்திலேயே செல்லுபடியான கலை.

இனி, கடிவாளம் என்பதுதான் யாது? குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கிறது. அவ்விடத்து ஈறு மெல்லியது. அதன் கீழே எலும்பு. வாரைச் சிறிது இழுத்தாலும் குதிரை அதனை உணர்கின்றது. முரட்டுத்தனமாக இழுத்தால் புண்ணும் உண்டாகின்றது. ஆயினும், ஏறத்தாழ 1000 இறாத்தல் எடையுள்ள ஒரு விலங்கை அதில் ஆறிலொரு பங்கு எடையுள்ள மனிதன் இரும்புத் துண்டொன்றினால் தடுத்து நிறுத்துகிறான் என்று எண்ணுவது மயக்கம். மருண்டு ஓடத் தொடங்கிய குதிரை கடிவாளத்தோடேயே ஓடிவிடும். நிற்கும் குதிரை வலிமைக்குத் தோற்று நிற்பதில்லை; சொல்லப்பட்டதை விளங்கிக்கொண்டு நிற்கின்றது. ஆகவே கடிவாளம் தளையன்று. அது ஒரு மொழி. வேறொரு மொழியில் அதே சொல்லைச் சொல்லத் தெரிந்துகொண்டால், இந்த மொழியைக் கைவிடலாம்.

அந்த வேறு மொழி எதுவென்பதை அறிய, பேர்லின் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஹான்ஸ் என்றொரு குதிரை பெரும்புகழ் பெற்றிருந்தது. கூட்டல், கழித்தற் கணக்குகளைக் கேட்டால், காற்குளம்பினால் நிலத்தைத் தட்டி விடை சொல்லும். 1904இல் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, இதில் மோசடி ஒன்றும் இல்லை என்றது. பின்னர் ஒஸ்கர் பூங்ஸ்ட் என்னும் உளவியல் ஆய்வாளர் உண்மையைக் கண்டறிந்து, 1907இல் நூலாக வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்சுக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் காணமுடியாவிட்டாலும் அதனால் விடை சொல்ல முடியவில்லை. சரியான எண் வந்தவுடன் கேட்பவர் தலை தம்மையறியாமலே சற்று அசைந்தது. அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸ் கணக்குப் படிக்கவில்லை, மனிதரைப் படித்தது!

தரையில் நிற்பவரின் தலையசைவையே குதிரை படிக்குமாயின், முதுகில் அமர்ந்திருப்பவரின் உடலை எவ்வளவு நுட்பமாகப் படிக்கும்! ஓர் ஈ வந்தமர்ந்தாலும் தோலைச் சிலிர்க்கும் பிராணி அது. ஏறியவன் வலப்பக்கம் நோக்கினால் அவன் இடுப்பு சிறிது திரும்புகின்றது. அவன் பாரம் மாறுகின்றது. மூச்சை நீள விட்டு, சேணத்தில் ஆழ அமர்ந்தால் நடை தளர்கின்றது. இவையே அந்த மொழியின் எழுத்துக்கள்.

இதனைக் கற்கும் முறை பொறுமையை வேண்டுவது. முதலாவது, ஏறுபவன் தன் உடலைத் தானே தாங்கப் பழகவேண்டும். ஆசிரியர் நீண்ட கயிற்றிற் பிடித்துக் குதிரையை வட்டமாக ஓட்ட, மாணவன் வாரைத் தொடாமல் அமர்ந்திருக்கிறான். வியன்னா நகரின் புகழ்பெற்ற ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில், புதிய மாணவர் நெடுங்காலம் வாரும் அங்கவடியும் இன்றி இவ்வாறே பழகுகின்றனர்.

இரண்டாவது, கடிவாளம் இருக்கும்போதே அதனைக் கடைசிச் சொல்லாக வைத்துக்கொள்ளவேண்டும். குதிரையின் கழுத்தில் ஒரு தளர்ந்த கயிற்றை இடுகிறார்கள். நிறுத்தவேண்டுமாயின், முதலில் உடலாற் கேட்கிறார்கள். குதிரை நிற்காவிட்டால் கழுத்துக் கயிற்றை மெல்ல உயர்த்துகிறார்கள். அதற்கும் இணங்காவிட்டால் மாத்திரமே வாரைத் தொடுகிறார்கள். குதிரை நின்ற அந்தக் கணமே யாவற்றையும் தளர்த்திவிடவேண்டும். குதிரைக்குப் பாடம் ஆவது அழுத்தமன்று. அழுத்தம் நீங்கும் அந்தக் கணமே. நாட்கள் செல்லச் செல்ல, குதிரை முதற்சொல்லுக்கே இணங்கும். பல நாட்கள் வாரைத் தொடவே தேவையின்றிக் கழிந்த பின்னர்தான், வேலியடைத்த களத்தில், ஆசிரியர் அருகில் நிற்க, தலைக்கவசம் அணிந்து, நடையில் மட்டும் தொடங்கிக் கடிவாளத்தைக் கழற்றுவர். பாய்ச்சலெல்லாம் பின்னரே.

கழற்றிய அந்த முதல் நாளில் சோதிக்கப்படுவது குதிரையன்று, மனிதன். வாரைப் பற்றித் தன் சமநிலையைக் காத்து வந்தவன் அன்றைக்குத் தள்ளாடுவான். வேகம் சிறிது கூடியவுடன் அஞ்சுவான். அஞ்சியவன் முன்னே குனிந்து, இரு கால்களாலும் குதிரையின் விலாவை இறுகப் பற்றுவான். அந்தோ! விலாவை இறுக்குவதுதான் "விரைந்து செல்" என்று அவனே அதற்குக் கற்பித்த கட்டளை. குதிரை இன்னும் விரைகின்றது. அடங்காமல் ஓடுகிறது என்று அவன் கூக்குரலிடுகிறான். உண்மையில் அது கட்டளைக்கு அடங்கியே ஓடுகின்றது. அச்சத்தின் நடுவிலும் காலைத் தளர்த்தி, நிமிர்ந்து, மூச்சை விடத் தெரிந்தவனே இக்கலையைக் கற்றவன். கடிவாளம் இதுவரை மறைத்துவந்த நம் பிழைகளை, கடிவாளமற்ற குதிரை ஒளிக்காமற் காட்டிவிடுகிறது.

நம் காலத்திலும் இக்கலைக்கு ஒரு சான்று உண்டு. 2006இல், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் நடந்த போட்டியொன்றில், ஸ்டேசி வெஸ்ட்ஃபால் என்னும் பெண்மணி ரொக்ஸி என்ற கறுப்புப் பெண்குதிரையின் மீது சேணமும் கடிவாளமும் இன்றி ஏறிவந்தார். பாய்ந்து வந்து சறுக்கி நிற்றல், நின்ற நிலையிற் சுழலுதல் ஆகிய கடினமான வித்தைகளைச் செய்துகாட்டினார். அவர் கைகளில் ஒரு கயிறுகூட இருக்கவில்லை. பார்த்தோர் கண்டது சில நிமிடங்கள். அதன் பின்னே கிடந்தது நாள்தோறும் செய்த பயிற்சி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கடிவாளத்தைக் கழற்றிவிட்டதனாலேயே ஒருவன் கருணையாளன் ஆகிவிடமாட்டான். அடித்து அச்சுறுத்திப் பழக்கிய குதிரையும் கடிவாளமின்றி நடக்கலாம். மெல்லிய கையிலுள்ள கடிவாளம் அந்தக் கொடுமையினும் நல்லது. வண்டி வாகனங்கள் ஓடும் தெருவில் இதனைச் செய்து பார்ப்பது வீரமுமன்று, அறிவுமன்று.

நேயர்களே, கடிவாளமில்லாத குதிரை என்று நாம் பிறரைப் பழிக்கும் பழமொழியை மாற்றவேண்டியதில்லை. ஆனால் அந்தக் குதிரையின்மேல் அமர்ந்திருப்பவனையும் இனி ஒருமுறை நோக்குவோம். அவன் தன் கால்களை எப்படி வைத்திருக்கிறான் என்பதையும் பார்ப்போம்.