பெயர்களோடு திரும்பி வந்த கார்ட்டூன்கள்



கார்ட்டூன் என்று சொன்னதுமே நமக்குத் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் பக்ஸ் பன்னி, பாப்பாய், பழைய டாம் அண்ட் ஜெர்ரி இவையெல்லாம் தொலைக்காட்சிக்காகப் பிறந்தவை அல்ல. 1930களிலும் 40களிலும் அமெரிக்கத் திரையரங்குகளில், முழுநீளப் படம் தொடங்குவதற்கு முன்னால், செய்திப் படத்தோடு சேர்த்துக் காட்டப்பட்ட ஆறேழு நிமிடக் குறும்படங்கள் அவை. அரங்கில் குழந்தைகளும் இருந்தார்கள், வேலை முடித்து வந்த பெரியவர்களும் இருந்தார்கள். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், அந்த ஸ்டூடியோவின் முழு இசைக்குழுவையே பயன்படுத்தினார். ஏழு நிமிடப் படத்துக்கு ஏறக்குறைய ஐம்பது கலைஞர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள்.

இந்தப் படங்கள் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியில் பலமுறை காயம்பட்டன. அந்தக் காயங்களையும், டிவிடி, புளூரே தொகுப்புகள் அவற்றை ஆற்றிய விதத்தையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதல் காயம் பட்டது படத்தின் தொடக்கத்திலேயே. 1943இலிருந்து வார்னர் நிறுவனம் தன் பழைய கார்ட்டூன்களை 'புளூ ரிப்பன்' என்ற பெயரில் மறுபடியும் திரையிட ஆரம்பித்தது. அப்படிச் செய்தபோது பழைய டைட்டிலை மூல நெகடிவிலிருந்தே வெட்டி எடுத்துவிட்டு, புதிய டைட்டிலை ஒட்டினார்கள். வெட்டிய துண்டைப் பத்திரப்படுத்தவும் இல்லை. அந்தத் துண்டில்தான் இயக்குநர் பெயர் இருந்தது. கதை எழுதியவர், வரைந்தவர், இசையமைத்தவர் பெயர்கள் இருந்தன. டெக்ஸ் ஆவெரி, பாப் கிளாம்பெட், ஃபிராங்க் டாஷ்லின் போன்ற மேதைகளின் எத்தனையோ படங்கள் அநாமதேயமாயின. 1940 ஜூலையில் வெளிவந்த 'எ வைல்ட் ஹேர்' படத்தில்தான் பக்ஸ் பன்னி என்ற முயல் இன்று நாம் அறிந்த குணத்தோடு முதன்முதலாகத் தோன்றியது. ஆவெரி இயக்கிய அந்தப் படமும் இந்த வெட்டுக்குத் தப்பவில்லை.

அடுத்தது விற்பனை. 1956இல் வார்னர் நிறுவனம் 1948க்கு முந்தைய தன் வண்ணக் கார்ட்டூன்களை ஏ.ஏ.பி. என்ற நிறுவனத்துக்கு விற்றது. பாப்பாய் கார்ட்டூன்களும் அதே நிறுவனத்தின் கைக்குப் போயின. தொலைக்காட்சி நிலையங்களுக்கு வாடகைக்குக் கொடுக்க வாங்கிய சரக்கு அது. பாப்பாய் படங்களின் முகப்பிலிருந்த, அவற்றை முதலில் வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனத்தின் முத்திரை போய், புதிய உரிமையாளரின் முத்திரை வந்தது. பிறகு அந்தப் படங்கள் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், எம்.ஜி.எம்., டெட் டர்னர் என்று கைமாறின. 1996இல் டைம் வார்னர் டர்னரின் நிறுவனத்தை வாங்கிய பிறகுதான், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், வார்னரின் பழைய படங்களும் பிந்தைய படங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அதுவரை ஒரே இயக்குநரின் முற்காலப் படம் ஒரு நிறுவனத்தின் கேசட்டிலும், பிற்காலப் படம் இன்னொரு நிறுவனத்தின் கேசட்டிலும் கிடந்தன. விரிவான தொகுப்பு ஒன்று வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்ததற்கு இந்தச் சொத்துக் கதை ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது காயம்தான் என்னை மிகவும் வருத்துவது. வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மவுசு போய்விட்டது. 1960களின் கடைசியில் வார்னரின் 'லூனி டியூன்ஸ்' என்ற கார்ட்டூன் வரிசையின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தென் கொரியாவுக்கு அனுப்பி, ஒவ்வொரு படத்தையும் கையால் மறுபடி நகலெடுத்து வண்ணம் தீட்டச் செய்தார்கள். 1980களில் பாப்பாய்க்கும் அதே கதி. செலவைக் குறைக்க ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். விளைவு, வழுக்கிக்கொண்டு ஓடிய பாத்திரம் விட்டு விட்டுத் துள்ளியது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் இந்த நகல்களைத்தான் அசல் என்று நம்பி வளர்ந்தார்கள். அனிமேஷன் என்ற கலையின் உயிரே அசைவில்தான் இருக்கிறது. அசைவைக் கெடுத்துவிட்டு வண்ணத்தைக் கொடுத்து என்ன பயன்?

இந்தப் பின்னணியில் 2007 ஜூலையில் வெளிவந்த பாப்பாய் டிவிடி தொகுப்பை நினைத்துப் பாருங்கள். 1933 முதல் 1938 வரையிலான 60 படங்கள், நான்கு தட்டுகள். கறுப்பு வெள்ளைப் படங்கள் கறுப்பு வெள்ளையாகவே வந்தன. கப்பல் கதவுகள் திறந்து மூடி, ஒவ்வொரு திறப்பிலும் பெயர்கள் தெரியும் அந்தப் பழைய தொடக்கமும் திரும்பி வந்தது.

பாப்பாயை எடுத்தது மேக்ஸ் ஃபிளைஷர், டேவ் ஃபிளைஷர் என்ற சகோதரர்களின் நியூயார்க் ஸ்டூடியோ. டிஸ்னியின் நளினம் அவர்களிடம் கிடையாது. சந்து பொந்துகளும் சாயம் போன சுவர்களுமாக நகரத்து வாழ்க்கையின் புழுதி அந்தப் படங்களில் இருக்கும். அந்த ஸ்டூடியோவில் பெரும்பாலும் முதலில் படத்தை வரைந்துவிட்டுத்தான் குரலைப் பதிவு செய்தார்கள். ஆகவே பாப்பாய்க்குக் குரல் கொடுத்த ஜாக் மெர்சர், வாயசைவு இல்லாத இடங்களிலெல்லாம் தன் மனம்போல முணுமுணுப்புகளைச் சேர்த்தார். பாப்பாய் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் அந்த அழகு அப்படிப் பிறந்தது. தேய்ந்த பிரதிகளில் வெறும் இரைச்சலாகக் கேட்ட முணுமுணுப்பு, சுத்தம் செய்த ஒலிப்பதிவில் சொல் சொல்லாகக் காதில் விழுகிறது.

ஃபிளைஷர்கள் இன்னொரு வித்தையும் செய்தார்கள். சுழலும் மேடை ஒன்றின் மேல் வீடுகள், மலைகள், குகைகள் என்று சின்னச் சின்ன மாதிரிகளை நிஜமாகவே கட்டினார்கள். அதற்கு முன்னால், பாத்திரம் வரைந்த ஒளிபுகும் தாளை நிறுத்திப் படம்பிடித்தார்கள். பாத்திரம் நடக்கும்போது பின்னணி நிஜமான ஆழத்தோடு திரும்பும். 1936இல் வந்த 'பாப்பாய் தி செய்லர் மீட்ஸ் சிந்துபாத் தி செய்லர்' என்ற இரண்டு ரீல் வண்ணப் படத்தில் இதைப் பார்க்கலாம். கணினி கண்ணில் படாத காலத்தில் செய்த வேலை அது. மங்கிய பிரதியில் பார்த்தவர்களுக்கு அந்த ஆழம் தெரியவே தெரியாது.

அவ்வளவு பழைய வண்ணத்தை இன்று எப்படி மீட்க முடிகிறது என்று நீங்கள் கேட்கலாம். இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. அக்காலத்து டெக்னிகலர் கார்ட்டூன்களின் மூல நெகடிவ் வண்ண பிலிமே அல்ல, கறுப்பு வெள்ளை பிலிம். ஒரே ஓவியத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை, அடுத்தடுத்த மூன்று பிரேம்களில் பதிவு செய்தார்கள். நடிகர் அசைவார் என்பதால் நடிப்புப் படங்களில் இது முடியாது. அங்கே ஒரே நேரத்தில் மூன்று பிலிம் ஓடும் பெரிய கேமரா வேண்டும். ஓவியம் அசையாதே! கறுப்பு வெள்ளை நெகடிவில் இருப்பது வெள்ளி. அது சாயம்போல வெளுக்காது. பிற்காலத்து வண்ணப் பிரதிகள் பல இளஞ்சிவப்பாக வெளுத்துப் போய்விட்டன. ஆனால் மூல நெகடிவ் பிழைத்திருந்தால், அந்த மூன்று பிரேம்களையும் ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய வண்ணத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துவிடலாம். பிழைத்திருந்தால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்தது நைட்ரேட் பிலிம். எளிதில் தீப்பிடிக்கும்; பொடிந்தும் போகும்.

2003 முதல் 2008 வரை வார்னர் நிறுவனம் ஆண்டுக்கு ஒன்றாக 'லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன்' என்ற ஆறு தொகுப்புகளை வெளியிட்டது. மொத்தம் 350க்கும் மேற்பட்ட படங்கள். இயக்குநர் சக் ஜோன்ஸின் 'டக் அமக்', 'வாட்ஸ் ஓப்ரா, டாக்?' எல்லாம் இவற்றில் உண்டு. படங்களைவிட எனக்குப் பெரிதாகப்படுவது உடன் வைத்த பொருள்கள். இசை மட்டும் ஒலிக்கும் தனித் தடம் சில படங்களுக்கு இருக்கிறது. வரலாற்றாசிரியர் மைக்கேல் பாரியர் தன் விளக்க உரைகளில், பழைய இயக்குநர்களை எப்போதோ பேட்டி கண்டு பதிவு செய்த குரல்களைச் சேர்த்திருக்கிறார். இறந்துபோன கலைஞர் ஒருவர் தன் படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசுகிறார். ஒரு கலைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

குறைகளும் உண்டு, சொல்லியாக வேண்டும். தூசியையும் கீறலையும் நீக்கும் தானியங்கி மென்பொருள், ஒரு பிரேமில் தெரிந்து அடுத்த பிரேமில் இல்லாத மெல்லிய கோட்டை அழுக்கு என்று எண்ணி அழித்துவிடும். வேகமாக ஓடும் பாத்திரத்தின் கோடுகளும் அப்படித்தானே இருக்கும்? சில டிவிடிகளில் கையும் காலும் பாதி கரைந்துபோயிருப்பதைப் பார்க்கலாம். மனிதக் கண் ஒவ்வொரு பிரேமாகச் சரிபார்க்காத மீட்பு, மீட்பே ஆகாது.

இன்னொன்று கடினமான விஷயம். இந்தப் படங்களில் பலவற்றில் கறுப்பின மக்களையும், ஆசியர்களையும், அமெரிக்கப் பழங்குடிகளையும் இழிவாகச் சித்திரித்த காட்சிகள் இருக்கின்றன. 1968இல் உரிமையாளர்கள் பதினொரு படங்களைத் தொலைக்காட்சியில் காட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். 2005இல் வந்த மூன்றாவது கோல்டன் தொகுப்பு வேறு வழியைத் தேர்ந்தது. நடிகை ஹூப்பி கோல்ட்பெர்க் முன்னால் வந்து, இவை அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனாலும் மறைத்தால் அந்த வெறுப்பே இருந்ததில்லை என்று ஆகிவிடும் என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். அதுவே நேர்மையான வழி என்பது என் உறுதியான எண்ணம். மறைக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு டாம் அண்ட் ஜெர்ரி சாட்சி. 2013இல் வரவேண்டிய அதன் புளூரே தொகுப்பில், இத்தகைய காட்சிகள் கொண்ட இரண்டு படங்களை மட்டும் விட்டுவிட வார்னர் நிறுவனம் முடிவு செய்தது. சேகரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் தொகுப்பே வராமல் நின்றுபோனது.

எல்லாம் இணையத்தில்தான் இருக்கிறதே, தட்டு எதற்கு என்று இன்றைய இளைஞர்கள் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் வார்னர் நிறுவனம் தன் சொந்த ஓடிடி தளத்திலிருந்தே பழைய லூனி டியூன்ஸ் குறும்படங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டது. முன்தினம் வரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் தேடினால் இல்லை. அலமாரியில் தட்டு வைத்திருந்தவரின் பக்ஸ் பன்னியை யாரும் எடுத்துப்போக முடியவில்லை.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டில் பழைய கார்ட்டூன் டிவிடி இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இந்தத் தொகுப்புகளில் பல இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. எறிந்துவிட்டால் மறுபடி வாங்குவது கடினம். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். வண்ணமில்லாத பாப்பாயையும் காட்டுங்கள். படம் தொடங்கும்போது டைட்டிலைத் தள்ளிவிடாமல் ஓடவிடுங்கள். இயக்கியவர், வரைந்தவர், இசையமைத்தவர் பெயர்களைப் பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.