இடறலிற் பிறந்த தாளம்

நேயர்களே, இசைத்தட்டுச் சுழலும்போது ஊசி ஓரிடத்திற் சிக்கிக்கொண்டால் என்ன நிகழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பாட்டின் ஒரு சொல், சில வேளை அச்சொல்லின் பாதி மட்டும், மீண்டும் மீண்டும் ஒலிக்கும். நாம் எழுந்து சென்று ஊசியைத் தூக்கி வைப்போம். அவ்வாறு எழாமல், அவ்விடறலுக்கே செவிசாய்த்தவர்களைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

1948 இல் பாரிஸ் நகரில், பிரெஞ்சு வானொலியிற் பணியாற்றிய பியேர் ஷேஃபர் என்னும் பொறியியலாளர், இசைத்தட்டின் வரியைத் தன்னிடமே திரும்பி வரும் வட்டமாக அமைத்தார். புகைவண்டியின் ஓசை அதில் அகப்பட்டுத் தாளமாயிற்று. 1994 இல் ஜெர்மனியின் ஓவல் குழுவினர் 'சிஸ்டமிஷ்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். குறுந்தட்டுகளின் மேல் மையினாற் குறியிட்டுக் கருவியைத் தடுமாறச் செய்து, அத்தடுமாற்றத்தையே அவர்கள் இசையாக்கினர். மேலைநாட்டார் இவ்வகையைக் 'கிளிட்ச்' என்பர். நாம் இடறல் இசை எனலாம்.

இன்று இவ்வேலை கணினியில் நடைபெறுகிறது. நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஓரடிக்கு அரைச் செக்கன். அதனை நான்காகப் பகுத்துத் துண்டுதோறும் ஒரு முரசடியை வைத்தால் செக்கனுக்கு 8 அடிகள் விழும். மேலும் இருமுறை பாதியாக்கினால் 32 ஆகும். அப்போது செவியால் அடிகளை எண்ண இயலாது. அவை ஒன்றுசேர்ந்து ரீங்காரமாகிவிடும். தாளம் சுருதியாக மாறும் இவ்வெல்லையைக் கடந்து சென்று மீள்வதே இக்கலையின் நுட்பம்.

வெட்டும் இடமும் முக்கியமானது. ஒலியலை நடுக்கோட்டைத் தொடுமிடத்தில் வெட்டினால் துண்டு அமைதியாகத் தொடங்கும். உச்சியில் வெட்டினால் 'டிக்' என்னும் ஓசை எழும். பிறர் அதனை நீக்குவர். இவர்கள் அதனையும் ஒரு வாத்தியமாகக் கொள்வர். ஆயினும் எல்லாமே இடறினால் இடறல் புலப்படாது. நிலையான ஒரு தாளம் கீழே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே தீராத கடன் ஒன்றையும் சொல்லவேண்டும். 1969 இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்னும் பதிவில், கிரெகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு செக்கன் தனித்து முரசு வாசித்தார். பிற்காலத்தவர் அப்பகுதியைத் துண்டு துண்டாக நறுக்கி, வரிசை மாற்றி, ஆயிரக்கணக்கான பதிவுகளிற் சேர்த்தனர். கோல்மனுக்கு அதற்கென உரிமைப்பணம் கிடைக்கவில்லை. 2006 இல் அவர் காலமானார். 2015 இல் இரசிகர்கள் திரட்டிய நன்கொடை குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரைச் சென்றடைந்தது. முரசடித்த கைக்கோ அது காலங்கடந்து வந்த கொடை.

ஏழு செக்கனை நூறு துண்டாக்கினாலும், ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கையின் உழைப்பு உண்டு. வெட்டுவதிலே தேர்ச்சி பெறுவோர், வாசித்தவரின் பெயரைச் சொல்லவும் அவருக்குரிய பங்கைக் கொடுக்கவும் பழகவேண்டும். ஊசியின் இடறலை இசையாக்கலாம். நேர்மையின் இடறலை எவ்வாறு இசையாக்குவது?