யாருக்காகச் சுடுகிறோம்?

(வானொலி மறையுரை – திருவருகைக் காலம்)



கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கிவிட்டது. பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் விசைத்தறிச் சத்தத்தோடு இனி எண்ணெய்ச் சட்டியின் சத்தமும் கேட்கும். அச்சு முறுக்கு, கல்கல், சோமாஸ் என்று பலகாரம் சுடும் நாட்கள் இவை.

அச்சு முறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் ஆந்திரத்தில் அது 'குலாபி புவ்வுலு', கேரளத்தில் அச்சப்பம். ஒரு வீட்டில் பச்சரிசி மாவும் தேங்காய்ப் பாலும். அடுத்த வீட்டில் மைதாவும் முட்டையும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலும் கிறிஸ்துமசுக்கு மாவைச் சிறு உருண்டைகளாகப் பொரித்துத் தேனில் புரட்டுவார்கள். ஸ்ட்ரூஃபோலி என்று பெயர். அங்கும் வீட்டுக்கு வீடு பக்குவம் மாறும்.

"எங்க அம்மா இப்படிச் செய்யமாட்டாங்க" என்று மருமகள் சொல்வாள். "இந்த வீட்டில் இப்படித்தான்" என்பார் மாமியார். விழாவுக்கு முன்பே இருவர் முகமும் வாடிவிடும். இருவருமே தங்களுக்குச் சமைக்கக் கற்றுத்தந்தவரை நினைத்துத்தான் பேசுகிறார்கள். இந்த ஆண்டு ஒரு ஈடு அவர் முறையில், ஒரு ஈடு இவள் முறையில் சுடுங்களேன்.

சில வீடுகளில் முட்டை சேர்க்காமலும் சுடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "பக்கத்து வீட்டில் கிருத்திகை விரதம் இருப்பார்கள், முட்டை தொடமாட்டார்கள். அவர்களுக்கும் தட்டு போகவேண்டுமே" என்பார்கள். பிறரை மனத்தில் வைத்துப் பிறந்த பக்குவம் அது.

அச்சை மாவில் முழுவதும் அமிழ்த்தக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மேல் விளிம்பை மாவு மூடிக்கொண்டால் பூ கழன்று வராது. எல்லாம் நமக்கே என்று இறுக்கிப் பிடிக்கிற மனமும் அப்படித்தான், எதையும் விட்டுக்கொடுக்காது.

நெகேமியா நூல் 8-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். திருச்சட்டம் கேட்டு அழுத மக்களிடம், வீட்டுக்குப் போய் விருந்து உண்ணுங்கள் என்று சொல்லப்படுகிறது. கூடவே, ஒன்றும் சமைக்க வழியில்லாதவர்களுக்கும் பங்கு அனுப்பச் சொல்லப்படுகிறது.

நம் தெருவில் அவர்கள் யார்? தறி ஓடாமல் கூலி வராத வீடு. சாவு விழுந்ததால் இந்த ஆண்டு சட்டி வைக்காத வீடு. பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி வீடு. 24-ஆம் தேதி இரவுத் திருப்பலிக்குப் புறப்படும் முன்பே முதல் தட்டு அங்கே போகட்டும். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோங்கள்.

பாலன் இயேசு நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.