கைநாட்டும் கைபேசியும்



முன்பெல்லாம் கடன் வாங்கப் போனால் என்ன நடக்கும்? வட்டிக்காரர் ஒரு தாளை நீட்டுவார். “இங்கே பெருவிரலை வை” என்பார். வாங்கியது நூறு ரூபாயாக இருக்கும். தாளில் ஆயிரம் என்று இருக்கும். நிலம் போகும். மாடு போகும். நாம் எழுதப் படிக்கக் கற்றதே இதற்காகத்தானே? இப்போது எதையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

ஆனால் கைபேசியில்? அங்கே இன்னும் கைநாட்டுத்தான் வைக்கிறோம்!

எப்படி? புதிதாக ஒரு செயலியைக் கைபேசியில் இறக்குகிறோம். செயலி என்றால் ஆப். அது நம்மைக் கேட்கிறது: “உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?” தொடர்புகள் என்றால், நாம் பதிந்து வைத்திருக்கும் எல்லாருடைய பெயரும் எண்ணும். நாம் அதைப் படிப்பதில்லை. ‘அனுமதி’ என்ற இடத்தில் விரலை வைத்து விடுகிறோம். அதே பெருவிரல்தான்!

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் பலருக்கு வேலை போனது. ‘உடனே கடன்’ என்று சொல்லிப் பல செயலிகள் வந்தன. அவசரத்தில் மக்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தார்கள். தவணை தவறியதும் என்ன ஆனது? மாமனாருக்கும் முதலாளிக்கும் போன் போனது. அசிங்கமாக மாற்றிய படங்களை எல்லாருக்கும் அனுப்பினார்கள். மானம் போயிற்றே என்று உயிரை விட்டவர்களும் உண்டு.

2021-இல் ரிசர்வ் வங்கி அமைத்த குழு இதை ஆராய்ந்தது. சுமார் 1,100 கடன் செயலிகள் இருந்தன. அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை. கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி செய்தது. ஆனால் திருடன் விதியைப் பார்ப்பானா? நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

செயலி எதைக் கேட்டாலும் ஒன்றை யோசியுங்கள். அதன் வேலைக்கு இது தேவையா? வழி காட்டும் செயலி, நாம் இருக்கும் இடத்தைக் கேட்கலாம். டார்ச் விளக்குச் செயலிக்கு உங்கள் மாமியார் எண் எதற்கு?

சரி, செயலி உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? செயலியும் ஒரு எழுத்துத்தான். கணினிக்குப் புரியும் மொழியில் மனிதர் எழுதியது. பல கம்பெனிகள் அந்த எழுத்தைப் பூட்டி வைக்கின்றன. சிலர் அதை எல்லாரும் படிக்கத் திறந்து வைக்கிறார்கள். இதற்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர்.

அந்த மொழி நமக்குத் தெரியாதே என்கிறீர்களா? கிராம சபையில் பஞ்சாயத்துக் கணக்கை வைக்கிறார்கள். எல்லாருமா கூட்டிப் பார்க்கிறோம்? கணக்குத் தெரிந்த நாலு பேர் பார்ப்பார்கள். தப்பு இருந்தால் கேட்பார்கள். அதுபோலத்தான் இதுவும். பலர் பார்க்கும் இடத்தில் திருட்டை மறைப்பது கடினம்.

இது படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய மென்பொருளில்தான் கணினி பழகுகிறார்கள். நாமும் பழகலாம். படம் பார்க்க, பாட்டுக் கேட்க வி.எல்.சி. இருக்கிறது. இணையம் பார்க்க பயர்பாக்ஸ். செய்தி அனுப்ப சிக்னல். கணினியில் கடிதம் எழுத லிப்ரெ ஆபிஸ். இவை நான்கும் இலவசம்.

ஆனால் இவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கொடுக்காதீர்கள். யாரோ அனுப்பும் இணைப்பைத் தொட்டு எதையும் இறக்காதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அந்தரங்கம் நமது அடிப்படை உரிமை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு இது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கைபேசியில் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறங்கள். அதில் ‘ஆப்ஸ்’ என்று இருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வேண்டாததை நீக்குங்கள்.

தாளில் கைநாட்டை ஒழித்தோம். கைபேசியிலும் ஒழிப்போம்.