உங்கள் பேரில் எத்தனை சிம் கார்டு?



மிளகுக் கொடி வாடல் நோயைப் பற்றியோ, மரவள்ளி மாவுப்பூச்சியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றைக்குச் செல்போன் சிம் கார்டைப் பற்றிப் பேசப் போகிறேன். விவசாயத் துறைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது.

2025-ஆம் ஆண்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுப்பதற்காக ஊர் ஊராகப் பதிவு செய்தோம். வாசலூர்பட்டிப் பக்கம் வந்தபோது பலரிடம் பட்டா இருந்தது, ஆதார் இருந்தது. ஆனால் ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓ.டி.பி. என்கிற ரகசிய எண் வந்தால்தான் பதிவு முடியும். அது வரவில்லை. “அந்த நம்பர் போயி ரெண்டு வருசமாச்சுங்க” என்றார் ஒரு பெரியவர். அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தோம். யாரோ வெளியூர்க்காரர் எடுத்துப் பேசினார்!

இது எப்படி நடக்கிறது? செல்போன் எண் நம் சொந்த நிலம் அல்ல. குத்தகை நிலம் மாதிரி. ரீசார்ஜ் செய்யாமல், பேசாமல் 90 நாள் போட்டுவைத்தால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்து மேலும் 90 நாள் கழிந்த பிறகு அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆதாரிலும் பேங்கிலும் உங்கள் பழைய எண்தான் இருக்கிறது. அங்கிருந்து வரும் செய்தியோ புது ஆளின் கைக்குப் போகிறது. வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருகிற பிரதமர் கிசான் தவணைக்கும் இதே தொல்லைதான். ஆகவே நம்பரை மாற்றினால் முதல் வேலையாகப் பேங்கிலும் ஆதாரிலும் மாற்றுங்கள். ஆதாரில் நம்பரை மாற்றுகிற வேலையைத் தபால்காரர் மூலமாகவும் செய்துகொள்ளலாம். இதற்காக மலை இறங்க வேண்டியதில்லை.

இரண்டாவது சங்கதி இதைவிட மோசம். நாம் வாங்காத சிம் கார்டு நம் பேரில் இருப்பது. சந்தையில், திருவிழாவில் குடை விரித்து உட்கார்ந்து சிம் விற்கிறார்கள். நீங்கள் ஆதார் எண்ணைச் சொல்லிக் கட்டைவிரல் வைக்கிறீர்கள். “ரேகை விழலை, இன்னொரு தரம் வைங்க” என்கிறார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல். உண்மையிலேயே விழாமல் இருக்கலாம். ஆனால் நாணயமில்லாத ஆளாக இருந்தால் முதல் ரேகைக்கு ஒரு சிம், இரண்டாவது ரேகைக்கு இன்னொரு சிம். இரண்டாவது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. அதை வைத்து எவனோ ஒருவன் யாரையோ ஏமாற்றினால், போலீஸார் முதலில் விசாரிப்பது உங்களைத்தான். 2023-ஆம் ஆண்டு விஜயவாடாவில் ஒரே ஆளின் படத்தை வைத்து 658 சிம் கார்டுகள் வாங்கியிருந்ததைத் தொலைத்தொடர்புத் துறை கண்டுபிடித்தது. அதே வருஷம் நம் தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட சிம் கார்டுகளைப் பல்லாயிரக்கணக்கில் முடக்கினார்கள்.

இரண்டாம் தடவை விரல் வைக்கும் முன்னால் திரையைக் காட்டச் சொல்லுங்கள். முதல் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். மிளகு எடை போடும்போது தராசைப் பார்க்கிறோம் இல்லையா? 2024 ஜனவரி முதல் காகித நகலை வைத்துச் சிம் கொடுக்கும் முறை நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

சரி, நம் பேரில் எத்தனை எண் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் ‘சஞ்சார் சாத்தி’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அதற்கு ஒரு செயலியும் வந்தது. அதில் உங்கள் செல்போன் எண்ணைப் போட்டால் ரகசிய எண் வரும். அதையும் போட்டால் உங்கள் பேரில் உள்ள இணைப்புகள் வரிசையாகத் தெரியும். உங்களுடையது அல்லாத எண்ணுக்கு நேரே ‘என் எண் அல்ல’ என்று குறிக்கலாம். நீங்களே வாங்கி இப்போது வேண்டாமென்றால் ‘தேவையில்லை’ என்று குறிக்கலாம். கட்டணம் கிடையாது. டவர் கிடைக்கிற மேட்டில் நின்று செய்யுங்கள். பாதியில் அறுந்துபோனால் ரகசிய எண் காலாவதியாகிவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கிற சிம் மகன் பேரில் வாங்கியதாக இருந்தால், மகனுடைய பட்டியல்தான் வரும். தாத்தா போன் பேரன் பேரில், மருமகள் போன் மாமனார் பேரில் என்று கலந்துகிடக்கிற வீடுகள் மலையில் நிறைய. காலமானவர் பேரிலேயே ஓடுகிற எண்களும் உண்டு. இறப்புச் சான்றோடு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்ப் பேர் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவர் பேரில் 9 இணைப்புகள் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே, “உங்க பேர்ல ஒரு சிம் வாங்கிக் கொடுங்க, 500 ரூபாய் தர்றேன்” என்று வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பணம் பறிபோனால் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நாளாக நாளாக மீட்பது கஷ்டம்.

இதெல்லாம் கைவராதவர்கள், அடுத்த தடவை விதை வாங்க வரும்போது போனையும் எடுத்துவாருங்கள். உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம். ரகசிய எண்ணை மட்டும் நீங்களே அழுத்துங்கள்.